சபைக் கூச்சமும் முன்னேற்பாடும்

ஒரு மவ்த்து வீடு. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறது. வரிசையாக நாற்காலிகள், அவற்றில் ஊர்ப் பெரியவர்கள். மனிதர் ஒருவர் தெருமுனை வரை வருகிறார். அங்கே நின்று அந்தக் கூட்டத்தைப் பார்க்கிறார். 'உள்ளே போய் என்ன சொல்வது? யார் பக்கத்தில் உட்காருவது? எல்லாரும் நம்மையே பார்ப்பார்களே!' என்று அவருடைய நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. 'அஸருக்குப் பிறகு வந்துகொள்ளலாம்' என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிக்கொண்டு திரும்பிவிடுகிறார். அஸருக்குப் பிறகும் அவர் வரவில்லை. மூன்று நாட்கள் கழிகின்றன. 'இத்தனை நாள் வராமல் இருந்துவிட்டு இனி எந்த முகத்தோடு போவது?' என்று புதிய வெட்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

அந்த மனிதர் வேறு யாருமல்லர், நாமேதாம். பல ஆண்டுகளுக்கு முன் நெருங்கிய நண்பர் ஒருவரின் வாப்பா வஃபாத்தானபோது நடந்தது இது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அந்த நண்பரை ரயில் நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்தோம். நாம் ஏதேதோ காரணம் சொல்லத் தொடங்கினோம். அவர் இடைமறித்து, "நீங்க ஒண்ணும் பேசியிருக்க வேண்டாம் காக்கா. வந்து உட்கார்ந்திருந்தாலே போதும். அன்னைக்கு நான் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். அந்தச் சொல் இன்றுவரை நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது.

இது நமக்கு மட்டும் உள்ள குறை அன்று. இமாமத் செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, வேண்டுமென்றே இரண்டாம் ரக்அத்தில் வந்து சேருகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் நாலு பெண்களுக்கு நடுவே உட்கார அஞ்சி, 'தலைவலி' என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும் சகோதரிகள் இருக்கிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டு, பேருந்து நிலையத்திலிருந்தே வீடு திரும்பிய இளைஞர்கள் இருக்கிறார்கள். மார்க்கச் சட்டம் ஒன்றைக் கேட்டுத் தெளிய விரும்பியும், ஹஜ்ரத் முன்னால் வாய் திறக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் சந்தேகத்தோடு அமல் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

இவர்களிடம், "போகுமுன் கொஞ்சம் யோசித்து, சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டு போங்கள்" என்று கூறினால், மூன்று மறுப்புகள் எழுகின்றன. 'வெட்கம் ஈமானைச் சேர்ந்ததாயிற்றே; அதை ஏன் மாற்ற வேண்டும்?' என்பது ஒன்று. 'அல்லாஹ்வின் மேல் தவக்குல் வைத்தவனுக்கு ஒத்திகை எதற்கு?' என்பது இரண்டாவது. 'முன்கூட்டியே தயாரித்துப் பேசுவது நடிப்பாகாதா? முகஸ்துதி ஆகாதா?' என்பது மூன்றாவது. மூன்றும் நியாயமான கேள்விகளே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெட்கம் வேறு, அச்சம் வேறு

'ஹயா' என்னும் வெட்க உணர்வு ஈமானைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. தம் சகோதரர் அதிகம் வெட்கப்படுகிறார் என்று கண்டித்துக்கொண்டிருந்த ஒருவரை, அவரை விட்டுவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வெட்கம் நன்மையைத் தவிர வேறெதையும் கொண்டு வராது என்றும் அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது அறிவிப்பிலேயே நமக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. ஹயா நன்மையைத்தான் கொண்டு வரும் என்றால், நன்மையைத் தடுத்து நிறுத்துவது ஹயாவாக இருக்க முடியாது. பாவத்தின் வாசலில் நம் காலைப் பிடித்து இழுப்பது ஹயா. நோயாளியின் வீட்டு வாசலில் நம் காலைப் பிடித்து இழுப்பது வேறொன்று. அதற்குச் சபைக் கூச்சம் என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். அவை நம்மை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அன்சாரிப் பெண்களைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்து கூறும்போது, மார்க்கத்தை விளங்கிக்கொள்வதிலிருந்து வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்றார்கள். வெட்கமே இல்லாத பெண்கள் என்று சொல்லவில்லை. வெட்கம் இருந்தது, ஆனால் அது தடுக்கவில்லை. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பெண்களுக்குரிய மிக நுட்பமான சட்டம் ஒன்றைக் கேட்க வந்தபோது எப்படிக் கேட்டார்கள்? சத்தியத்தைக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்பதை முன்னுரையாக வைத்துவிட்டு, அதன் பிறகே கேள்வியைக் கேட்டார்கள். கனமான கேள்விக்கு ஒரு முன்படி போட்டுக்கொண்டு ஏறிய அந்த முறை நமக்குப் பெரிய பாடம்.

மற்றொரு சம்பவம். இலை உதிராத ஒரு மரம் முஸ்லிமுக்கு உவமையானது, அது எது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சபையில் கேட்டார்கள். பேரீச்ச மரம் என்று அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றியது. ஆனால் சபையில் தாமே வயதில் சிறியவர். பெரியவர்கள் மௌனமாக இருக்கிறார்கள். ஆகவே பேசாமல் இருந்துவிட்டார்கள். அது பெரியவர்களுக்குக் காட்டிய மரியாதை; குற்றமாகாது. எனினும் பிறகு அதைக் கேள்விப்பட்ட தந்தை உமர் (ரலி) அவர்கள், நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ செல்வத்தைவிட அதுவே பிரியமானதாக இருந்திருக்கும் என்ற கருத்தில் ஆதங்கப்பட்டார்கள். மரியாதையால் வந்த மௌனத்துக்கே இப்படி என்றால், அச்சத்தால் வந்த மௌனத்தில் நாம் எத்தனை நன்மைகளை இழந்திருப்போம்!

இழப்பது நம்முடையது மட்டுமன்று

ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செலுத்த வேண்டிய ஹக்குகள் ஐந்து என்று ஹதீஸில் வந்துள்ளது. ஸலாமுக்குப் பதில் கூறுவது, நோயாளியை நலம் விசாரிப்பது, ஜனாஸாவைப் பின்தொடர்வது, அழைப்பை ஏற்பது, தும்மியவருக்குத் துஆச் செய்வது. சிந்தித்துப் பாருங்கள்! இந்த ஐந்தில் ஒன்றையேனும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிறைவேற்ற முடியுமா? ஐந்துமே மனிதரை மனிதர் சந்திக்கும் இடங்கள்.

ஆகவே சபைக் கூச்சம் என்பது 'என் சுபாவம்' என்று சொல்லி முடித்துவிடக்கூடிய சொந்த விஷயமன்று. அடுத்தவருடைய ஹக்கு அதில் சிக்கிக்கொண்டிருக்கிறது. நம் நண்பர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்தப் பார்வைக்கு நாம் கடன்பட்டிருந்தோம். கடமை ஒன்றை நிறைவேற்ற எது இன்றியமையாததோ அதுவும் கடமையின் அந்தஸ்தைப் பெறும் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் விதி. தொழுகைக்கு முன் உளூச் செய்வதைப் 'பயந்த சுபாவம்' என்று யாரும் சொல்வதில்லை. அடியார்களின் ஹக்கைச் செலுத்தப் புறப்படுமுன் செய்துகொள்ளும் ஆயத்தமும் அத்தகையதே.

மூஸா நபி கேட்ட நான்கு

தவக்குல் பற்றிய கேள்விக்கு வருவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்று பதில் கிடைத்த வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆலஇம்ரான் சூராவிலும் இதே வரிசையைக் காண்கிறோம். முதலில் கலந்தாலோசனை, அடுத்து உறுதியான முடிவு, அதன் பிறகு தவக்குல்.

ஆனால் சபைக்கு அஞ்சுகிறவர்களுக்கு இவற்றையெல்லாம்விட ஆறுதல் தருவது மூஸா (அலை) அவர்களின் வரலாறுதான். ஃபிர்அவ்னிடம் செல்லும்படி கட்டளை வந்தபோது, அவர்கள் தம் அச்சத்தை மறைக்கவில்லை. தம்மைப் பொய்யாக்குவார்கள் என்று அஞ்சுவதையும், நெஞ்சு நெருக்கடிக்கு உள்ளாவதையும், நாவு ஓடாமல் இருப்பதையும் ரப்பிடமே முறையிட்டதாக ஷுஅரா சூரா கூறுகிறது. அல்லாஹு தஆலா அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை.

தாஹா சூராவில் அவர்கள் கேட்டவற்றைக் கவனியுங்கள். நெஞ்சை விரிவாக்கித் தர வேண்டும். காரியத்தை எளிதாக்கித் தர வேண்டும். நாவின் முடிச்சை அவிழ்க்க வேண்டும். தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தர வேண்டும். இந்த நான்கும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. அதுமட்டுமா? ஃபிர்அவ்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்ற வாசகமும், அதை எப்படி மென்மையாகச் சொல்ல வேண்டும் என்ற முறையும் முன்கூட்டியே கற்றுத்தரப்பட்டன.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஃபிர்அவ்னின் சபையில் கைத்தடி பாம்பாக மாறுவதற்கு முன், துவா பள்ளத்தாக்கின் தனிமையில் அது ஒரு முறை மாறியது. மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள். 'அஞ்ச வேண்டாம், அதைப் பிடியுங்கள்' என்று கட்டளை வந்தது, பிடித்தார்கள். அந்த முதல் பயத்தை எதிரிகளின் முன்னிலையில் அல்லாமல் தனிமையில் கடந்துவிடச் செய்த கருணையை என்னவென்பது! ஒரு நபிக்கே இத்தகைய முன்பயிற்சியை அல்லாஹ் தந்திருக்க, 'தயார் செய்துகொள்வது தவக்குலுக்கு எதிரானது' என்று நாம் எப்படிக் கூற முடியும்?

அதே சமயம் மற்றொன்றையும் மறக்கலாகாது. இவ்வளவு ஆயத்தத்துக்குப் பிறகும், சூனியக்காரர்கள் கயிறுகளையும் தடிகளையும் எறிந்த அந்நாளில், மூஸா (அலை) அவர்கள் தம் மனதுக்குள் அச்சத்தை உணர்ந்ததாகக் குர்ஆன் கூறுகிறது. முன்னேற்பாடு அச்சத்தை அடியோடு அழித்துவிடவில்லை. அச்சம் இருக்கும்போதே, செய்ய வேண்டியதைச் செய்ய அவர்களால் முடிந்தது. நாமும் 'பயம் முழுவதும் போகட்டும், பிறகு போகலாம்' என்று காத்திருந்தால் கபுறு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தயாரித்த பேச்சு நடிப்பாகுமா?

மூன்றாவது கேள்விக்கு உமர் (ரலி) அவர்களின் வாழ்விலிருந்தே பதில் கிடைக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தான ஹிஜ்ரி 11-ம் ஆண்டு (632), ஸகீஃபா பனூ ஸாஇதாவில் அன்சாரிகள் கூடியிருந்தார்கள். சமுதாயத்தின் எதிர்காலம் தீர்மானமாகும் நேரம். அங்கே பேசுவதற்காகத் தாம் ஒரு பேச்சை மனதிலே தயாரித்து வைத்திருந்ததாகவும், அது தமக்கே பிடித்திருந்ததாகவும் உமர் (ரலி) அவர்களே பிற்காலத்தில் தம் குத்பா ஒன்றில் கூறியது புகாரீயில் பதிவாகியிருக்கிறது. எவருக்கும் அஞ்சாதவர் என்று உலகமே அறிந்த உமர் அவர்கள்! அவர்களே முக்கியமான சபைக்கு முன்னால் சொல்லைத் தயாரித்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது இன்னும் அழகானது. பேச எழுந்தவரை அபூபக்கர் (ரலி) அவர்கள் சற்றுப் பொறுக்கச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் அமைதியானார்கள். தாம் தயாரித்து வைத்திருந்தவற்றில் நல்லதாகத் தோன்றிய எதையும் விட்டுவிடாமல், அதைப் போன்றதையோ அதைவிடச் சிறந்ததையோ அபூபக்கர் அவர்கள் உடனுக்குடன் பேசிவிட்டார்கள் என்று பிறகு மனமாரப் பாராட்டினார்கள். தயாரித்த பேச்சு சொல்லப்படாமலே போனதில் அவர்களுக்கு வருத்தமில்லை. காரியம் நடந்துவிட்டது, அது போதும்.

முகஸ்துதிக்கும் முன்னேற்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நாம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தயாரித்தால் அது ரியா. அடுத்தவருக்குச் சேர வேண்டியது சேர வேண்டும் என்பதற்காகத் தயாரித்தால் அது அமல். மூஸா (அலை) அவர்களும் ஹாரூனைத் துணையாகக் கேட்டபோது, உன்னை அதிகமாகத் துதிப்பதற்கும் நினைவுகூர்வதற்கும் என்றே காரணம் கூறினார்கள். நிய்யத்தைத் திருத்திக்கொண்டால் கூச்சத்திலும் பாதி குறைந்துவிடும். ஏனெனில், 'எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்' என்ற எண்ணத்தில் நடுவில் நிற்பது நாம். 'அவருக்கு என் ஸலாம் சேர வேண்டும்' என்ற எண்ணத்தில் நடுவில் நிற்பது அவர்.

எப்படி ஆயத்தமாவது?

மூஸா நபி கேட்ட அந்த நான்கையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, நெஞ்சு. புறப்படுமுன் உளூச் செய்து, அந்தத் துஆவையே ஓதிக்கொள்ளலாம். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம் ஆகியவற்றிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடிய துஆவும் இருக்கிறது. 'யாருடைய ஹக்குக்காகப் போகிறேன்?' என்று ஒரு நிமிடம் நிய்யத்தை ஒழுங்குபடுத்துவது எல்லாவற்றிலும் முந்தியது.

இரண்டாவது, காரியத்தை எளிதாக்குவது. கூட்டம் நிறைந்த பிறகு நுழைவது கடினம். நாலு பேர் இருக்கும்போதே போய்விடுவது எளிது. கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் இருக்க முடியாவிட்டால் அரை மணி நேரம் இருந்து வாழ்த்திவிட்டு வரலாம். விடைபெறும்போது என்ன சொல்வது என்பதையும் முன்பே முடிவு செய்துகொண்டால், மாட்டிக்கொள்வோமோ என்ற திகில் இருக்காது. பேச முடியாதவர்கள் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். முஅத்தா யுத்தத்தில் (ஹிஜ்ரி 8, கி.பி. 629) ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஒரு சட்டி கஞ்சியைத் தூக்கிக்கொண்டு நுழைகிறவரிடம், 'நீ ஏன் பேசவில்லை?' என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, நாவு. இங்கேதான் நம் மார்க்கம் கூச்சமுள்ளவர்களுக்கு எத்துணை பெரிய அருள் என்பது தெரிகிறது. வீட்டில் நுழைய ஸலாம். அனுமதி கேட்கவும், மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பவும் ஒழுங்கு. தும்மினால் சொல்ல ஒரு சொல். மணமக்களுக்கு ஒரு துஆ. நோயாளியிடம், இது பாவங்களை நீக்கித் தூய்மைப்படுத்தும் என்று ஆறுதல் கூறும் நபிமொழி. துக்கத்தில் இருப்பவரிடம், எடுத்ததும் அல்லாஹ்வுக்குரியது, கொடுத்ததும் அல்லாஹ்வுக்குரியது, எல்லாவற்றுக்கும் ஒரு தவணை உண்டு என்று தம் மகளுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பிய வாசகம். 'என்ன பேசுவது?' என்று தவிக்கிறவருக்கு முதல் சொல் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தயாராக இருக்கிறது. அதை வீட்டில் நாலு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டால் போதும். ஆலிமிடமோ அதிகாரியிடமோ கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். அதைப் பார்த்து வாசித்தால் கேவலம் ஒன்றுமில்லை.

நான்காவது, துணை. தன்னைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் என்று ஹாரூன் (அலை) அவர்களை ஒரு நபி கேட்டுப் பெற்றார்கள். மச்சானையோ, ராத்தாவையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ, 'கூட வாங்க' என்று அழைப்பதில் என்ன குறைவு வந்துவிடும்? கூச்சமில்லாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டில், நம் மஹல்லாவில் யாருக்கு ஹாரூன் தேவைப்படுகிறார் என்று தேடிப் பார்த்து, நாமாகவே போய்க் கைபிடிப்பது பெரிய ஸதகா.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விருந்தினர் வந்ததும் பிள்ளையைத் திடீரென்று முன்னால் தள்ளி, "ஸலாம் சொல்லு, சூரா ஓது" என்று அதட்டுவதும், அது விழித்தால், "எங்க புள்ளைக்கு வாயே இல்லை" என்று நாலு பேர் முன் சிரிப்பதும் நம் வீடுகளில் சகஜம். அந்தச் சிரிப்பு அந்தப் பிள்ளையின் நெஞ்சில் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. "நாளைக்கு மாமா வருவாங்க; நீ ஸலாம் சொல்லு, தண்ணீர் கொண்டு வந்து கொடு, பிறகு விளையாடப் போகலாம்" என்று முதல் நாளே சொல்லி வைத்துப் பாருங்கள். மறுநாள் பிள்ளை தானாகவே வந்து நிற்கும்.

அளவு மீறினால்

எதற்கும் அளவு உண்டு. பத்து நிமிடச் சந்திப்புக்காக இரண்டு இரவு தூங்காமல், 'அவர் இப்படிச் சொன்னால் நான் எப்படிச் சொல்வது' என்று உருட்டிக்கொண்டிருந்தால் அது வஸ்வாஸ், முன்னேற்பாடு அன்று. போய் வந்த பிறகு, 'ஏன் அப்படிச் சொன்னேன், அவர் ஏன் அப்படிப் பார்த்தார்' என்று விடிய விடியத் தோண்டிக்கொண்டிருப்பதும் அப்படியே. உளூவில் மூன்று முறை கழுவியும் திருப்தியில்லாமல் திரும்பத் திரும்பக் கழுவுகிறவருக்கு ஜமாஅத் தவறிவிடும். முதல் சொல், கேட்க வேண்டிய விஷயம், விடைபெறும் சொல் ஆகிய மூன்றும் ஆயத்தமானால் எழுந்துவிட வேண்டும். மீதி அல்லாஹ்வின் பொறுப்பு. தவக்குலின் இடம் அதுதான்.

சிலருக்கு இந்த அச்சம் கூச்சம் என்ற எல்லையைத் தாண்டி நோயாகவே இருக்கும். ஜும்ஆவுக்குப் போக முடியவில்லை, வேலையில் நிலைக்க முடியவில்லை, வீட்டைவிட்டு வெளியே வரவே முடியவில்லை என்ற நிலை அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலிலேயே இது தனி நோயாகச் சேர்க்கப்பட்டது. பேச்சின் மூலம் அச்சத்தை ஆராய்ந்து, சிறிது சிறிதாகச் சபைகளைச் சந்திக்கப் பழக்கும் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்துகளும் இருக்கின்றன. இந்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். நோய்க்கு மருந்து செய்யும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. இதை ஈமானின் பலவீனம் என்று பழிப்பவர், காய்ச்சலையும் அப்படிப் பழிக்க வேண்டியிருக்கும்.

சென்ற மாதம் நம் தெருவில் ஒரு மவ்த்து. பழைய படபடப்பு வராமல் இல்லை, வந்தது. ளுஹர் தொழுதுவிட்டு, சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தோம். வாசலில் இறந்தவரின் மகன் நின்றிருந்தார். ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்தோம். தயாரித்திருந்த வாக்கியத்தில் பாதிதான் வெளியே வந்தது. மீதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் நம் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தோம்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களை நாம் ஏமாற்றிவிடாமல் இருக்க, நம் நெஞ்சங்களை விரிவாக்கி, நாவுகளின் முடிச்சுகளை அவிழ்த்து, அடியார்களின் ஹக்குகளை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.